சனிக்கிழமை நான்கு மணிக்குக் கெட்டுப்போகும் இயந்திரங்கள்

என் ஐம்பத்து மூன்றாவது வயதில், எங்கள் தொழிற்சாலையின் தலைசிறந்த மெக்கானிக் நான்தான் என்று ஒரு கணினி கண்டுபிடித்தது. வீட்டில் குழாய்க்கு வாஷர் மாற்றவே ஆள் கூப்பிடுகிறவன் நான். அந்த ஆள் வரும் நாளில், பராமரிப்புத் துறை என்று முதுகில் எழுதியிருக்கும் என் சீருடையை மனைவி கொடியிலிருந்து உருவி உள்ளே போட்டுவிடுவாள். குடும்பத்துக்கென்று ஒரு மானம் இருக்கிறதல்லவா.

அந்தப் பட்டியலை ஒரு திங்கட்கிழமை காலையில், விரல் வைக்கும் வருகைப்பதிவு மிஷினுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். 'டிஜிட்டல் பராமரிப்புத் திறன் மதிப்பெண்' என்று தலைப்பு. எங்கள் துறையில் பதினோரு பேர். முதல் பெயர் என்னுடையது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. கடைசிப் பெயர் எங்கள் எலக்ட்ரீஷியன் பெண்மணியுடையது, நூற்றுக்கு நான்கு. பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொரு செய்தி இருந்தது. ஒவ்வொரு ஆலையிலிருந்தும் ஒருவரை 'டிஜிட்டல் டெக்னீஷியன்' என்ற நிரந்தரப் பதவிக்கு எடுக்கப்போகிறார்களாம். ஒப்பந்தத் தொழிலாளர்களும் தகுதியுள்ளவர்களாம். மதிப்பெண்தான் அடிப்படையாம்.

நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் செய்த காரியம் அந்தப் பட்டியலைப் படம் பிடித்து மைத்துனருக்கு அனுப்பியதுதான். மனசாட்சி விழித்தது அதற்குப் பிறகு. என் மனசாட்சி எப்போதும் இரண்டாவது ஷிப்டுக்குத்தான் வரும்.

எங்கள் ஆலை செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையில் இருக்கிறது. அட்டைப்பெட்டி செய்கிறோம். உங்கள் வீட்டுக்கு வந்த மிக்சியும் பிஸ்கட்டும் எங்கள் பெட்டியில் வந்திருக்கலாம். ஆலையின் உயிர் ஒரே ஒரு இயந்திரம். ஒரு முனையில் காகித உருளை ஏறும், மறு முனையில் வெட்டிய அட்டை இறங்கும், நடுவில் நீராவி, பசை, கத்தி, நடந்து பார்த்தால் நல்ல பசி எடுக்கும் நீளம். அதற்கு 'பெரியவன்' என்று யாரோ பெயர் வைத்திருந்தார்கள். பதினான்கு மாதத்துக்கு முன்பு பெரியவனின் உடம்பெல்லாம் சென்சார் ஒட்டி, கம்பி கம்பியாக இழுத்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவரைப்போல ஆக்கிவிட்டார்கள். மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்த டிரைவ் என்ற பெட்டிகள் வந்தன. கோளாறு வந்தால் அந்தப் பெட்டி ஒரு எண்ணைக் காட்டும். அந்த எண்ணுக்கு அர்த்தம் தெரிந்தவர் நாட்டில் எங்கோ இருக்கிறார் என்ற நம்பிக்கையில் நாங்கள் அதை அணைத்து மறுபடி போடுவோம்.

எண்ணுக்கு அர்த்தம் கண்டுபிடித்தவர் அந்த எலக்ட்ரீஷியன் பெண்மணிதான். படாளம் பக்கத்து விவசாயக் குடும்பம். ஐ.டி.ஐ. படிப்பு. ஒன்பது வருடமாக எங்களிடம் ஒப்பந்தத்தில் இருக்கிறார். டிரைவ் வந்த முதல் மாதத்திலேயே அதன் கையேட்டைப் போனில் இறக்கிக்கொண்டு, ஷிப்ட் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் படித்தார். புரியாத ஆங்கிலத்தைப் போன் கேமராவைக் காட்டித் தமிழாக்கிக்கொண்டார். அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தப் பெட்டியைத் திறந்தாலும், தொடுவதற்கு முன்னால் ஒரு படம், முடித்த பிறகு ஒரு படம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறு யாரோ எரித்துவைத்த மோட்டாரை 'நீ தொட்டதால்தான் போச்சு' என்று அவர் தலையில் கட்டிய நாளிலிருந்து அப்படி. அவர் கையில் போன் இல்லாமல் ஸ்க்ரூடிரைவரை நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவருக்கு நான்கு, எனக்குத் தொண்ணூற்றொன்று. இது எப்படி நடந்தது என்று கணினிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

சென்சாரோடு கூடவே ஒரு டேப்லெட்டும் வந்தது. எந்த வேலையைச் செய்தாலும் அதில் பதிய வேண்டும். எது கெட்டது, எப்போது கெட்டது, ஏன் கெட்டது, யார் சரிசெய்தது என்று பதினெட்டுக் கட்டங்கள். துறைக்குக் கொடுத்த கடவுச்சொல் ஒன்றே ஒன்று. திட்டப் பிரிவு மேற்பார்வையாளன் என்ற முறையில் அது என் பெயரில் வந்தது. வேலை செய்கிறவர்களின் கையில் கிரீஸ். என் கையில் டீ. ஆகவே இயல்பாக ஒரு வழக்கம் உண்டாயிற்று. அவர்கள் வேலையை முடித்ததும், கீழே கிடக்கும் அட்டைத் துண்டில் மார்க்கரால் இரண்டு வரி எழுதி என் மேசைக்கடியில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். 'ரெண்டாவது டிரைவ். ஒயர் லூசு. டைட் பண்ணியாச்சு.' சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல், மசால் வடையும் டீயும் வந்தவுடன், அந்த வாரத்து அட்டைகளையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு நான் டேப்லெட்டில் ஏற்றுவேன்.

'எப்போது' என்ற கட்டத்தில் அப்போதைய நேரம் தானாகவே நிரம்பியிருக்கும். மாற்ற வேண்டுமென்றால் ஒரு நாட்காட்டி திறக்கும், அதை ஒவ்வொரு மாதமாகத் தள்ள வேண்டும். வடை ஆறிவிடும். விட்டுவிட்டேன். 'யார்' என்ற கட்டத்தில் என் பெயர் தானாக நிற்கும். மாற்றுவதற்கான பட்டியலில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெயரே கிடையாது, அவர்களுக்கு ஊழியர் எண் இல்லையாம். அதையும் விட்டுவிட்டேன். எனக்கு இன்பம் தந்த கட்டம் ஒன்றுதான். அது 'ஏன்'.

இருபது வருடத்துக்கு முன்னால் என்னுடைய இரண்டு சிறுகதைகள் ஒரு சிற்றிதழில் வந்தன. அந்த இதழ் நின்றுபோனதற்கும் என் கதைகளுக்கும் சம்பந்தமில்லை என்று ஆசிரியர் தாமாகவே கடிதம் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு என் எழுத்தைக் கேட்டு வாங்கியது இந்தக் கட்டம்தான். ஐந்நூறு எழுத்துவரை அனுமதி. 'ஒயர் லூசு' என்று மொட்டையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. 'கடற்காற்றின் ஈரம் பெட்டிக்குள் புகுந்து, செம்பின் நெஞ்சை மெல்ல அரித்து, இணைப்பைத் தளர்த்தியது' என்று எழுதினேன். அதுவும் ஆங்கிலத்தில். பதினான்கு மாதம் இப்படி எழுதித் தள்ளினேன். திருப்பி அனுப்பாத ஒரே வாசகனாக அந்தக் கணினி அமைந்தது.

இந்தப் பதிவுகளைப் படித்துத்தான் அது எல்லோருக்கும் மதிப்பெண் போட்டிருக்கிறது.

அன்று பத்து மணிக்கு எலக்ட்ரீஷியன் பெண்மணி என்னைத் தேடி வந்தார். நான் பசைத் தொட்டிக்குப் பின்னால், தற்செயலாக ஒளிந்துகொண்டிருந்தேன்.

"இன்னா சார் இது?"

"எனக்கே ஆச்சரியமா இருக்கும்மா."

"எனக்கு ஆச்சரியம் இல்ல சார். அந்த நாலு மார்க்கு எதுக்கு குட்த்துகீறாங்க தெரியுமா? தீயணைப்பு வகுப்புல போய் குந்திகினு இருந்தேனே, அதுக்கு. அத்த நீ டைப் அடிக்கல. அவுங்களே போட்டாங்க. அதான் வந்துகீது."

"டேப்லெட் பட்டியல்ல உன் பேரு வராது, அதனாலதான்…"

"வராதுன்னு என்கிட்ட சொன்னியா சார்? ஒன்பது வருஷமா பர்மனென்ட்டு பர்மனென்ட்டுன்னு காத்துகினு கீறேன். எங்க வூட்டுல இந்த லிஸ்ட்டு வர்துன்னு தெரிஞ்சதுலேர்ந்து மாமியாருகூட என்கிட்ட நல்லா பேசுது. இப்ப நாலுன்னு போய் சொல்லவா?"

பதில் சொல்ல வாயெடுத்த நேரத்தில் பாய்லர் ஆபரேட்டர் அந்தப் பக்கம் வந்தார். என் வயதுக்காரர். பாய்லர் சூட்டில் வெந்தவர் என்பதால் எதற்கும் சூடாக மாட்டார். "அண்ணாத்த! தொண்ணூத்தொண்ணாமே! நம்ம பாய்லர்ல ஒரு வால்வு ஒழுவிகினு கீது. நீ ஒண்ணியும் தொட வேணா, வந்து நின்னு ஆசீர்வாதம் பண்ணு, போதும்."

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. "நீ போட்டத நீயே மாத்து சார்" என்று சொல்லிவிட்டு டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

ஆலை மேலாளரைப் பார்க்கப் போனேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நல்ல மனிதர். எதைச் சொன்னாலும் அதில் ஒரு நல்லதைக் கண்டுபிடிப்பார். அவரோடு எனக்கிருக்கும் ஒரே பிரச்சினை அதுதான்.

"சார், அந்த வேலை எதையும் நான் செய்யல" என்றேன்.

"டூ மாடஸ்ட் சார் நீங்க."

"அடக்கம் இல்ல சார், உண்மை. செஞ்சது அந்த எலக்ட்ரீஷியன் அம்மாவும் மத்தவங்களும். நான் டைப் மட்டும்தான் அடிச்சேன்."

"உங்க ஜெனரேஷனே இப்படித்தான் சார். கிரெடிட் எடுத்துக்கவே கூச்சப்படுவீங்க. எங்கப்பாவும் அப்படித்தான்." சொல்லிக்கொண்டே எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "டேட்டா பொய் சொல்லாது சார்."

"அந்த டேட்டாவைச் சொன்னதே நான்தானே!"

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்று கை குலுக்கினார். "வியாழக்கிழமை மாமல்லபுரத்துல செலக்‌ஷன் இருக்கு. போயிட்டு வாங்க."

பொய் சொல்லிப் பிடிபட்டவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். உண்மையைச் சொல்லியும் விடுதலை கிடைக்காமல் தவிப்பவனைப் பற்றி யாரும் எழுதியதாக நினைவில்லை.

வியாழக்கிழமை காலை கடலோரத்தில் ஒரு விடுதிக்குப் போனேன். கதவைத் திறந்தால் கடல். ஆனால் படம் காட்ட வேண்டும் என்று திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார்கள். ஆறு ஆலைகளிலிருந்து ஆறு பேர் இருட்டில் உட்கார்ந்து, குளிர்சாதனத்தின் கீழ் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தோம். ஆலோசகர் ஒருவர் மேடையேறினார். நீளமான படிப்பு. நீளமான சுட்டுகோல்.

இயந்திரங்கள் எப்போது கெடுகின்றன என்பதை இனி முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று தொடங்கி, ஒரு வரைபடத்தைக் காட்டினார். எங்கள் ஆலையினுடையது. திங்கள் முதல் வெள்ளி வரை தரை. சனிக்கிழமை நான்கு மணிக்கு ஒரு கோபுரம்.

"வாரம் முழுக்க அமைதி. சனிக்கிழமை மாலையில் மட்டும் இத்தனை பழுது. ஏன்?" என்று எங்களைப் பார்த்தார். அவரே மூன்று காரணம் வைத்திருந்தார். வார இறுதி நெருங்குவதால் தொழிலாளர்களின் கவனச் சிதறல். சுற்றுவட்டாரத்தில் மின்னழுத்த மாறுதல். மூன்றாவதுதான் அவருக்குப் பிடித்தது: சனிக்கிழமை மாலை சிற்பங்களைப் பார்க்க வரும் சுற்றுலா வண்டிகளால் எங்கள் சாலையில் உண்டாகும் அதிர்வு.

எழுந்து நின்றேன். "சார், அது அதிர்வு இல்ல. மசால் வடை."

விளக்கிச் சொன்னேன். வாரம் முழுக்க நடந்ததைச் சனிக்கிழமை டீ நேரத்தில் ஒருவன் உட்கார்ந்து ஏற்றினான், அந்த ஒருவன் நான் என்றேன். மற்ற ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் ஆலைகளிலும் ஏதோ ஒரு கிழமையில் ஒரு கோபுரம் இருந்திருக்க வேண்டும்.

ஆலோசகர் முகம் மாறவில்லை. டீ இடைவேளையில் என்னைத் தனியே அழைத்துப்போனார். "நீங்க சொல்றது சுவாரசியமா இருக்கு. ஆனா இதை வெச்சு சனிக்கிழமை சிறப்புப் பராமரிப்புக் குழுவுக்கு அனுமதியே வாங்கியாச்சு. இப்ப மாத்த முடியாது" என்றார். பிறகு ஆறுதலாக, "உங்க ஆலையில காரணங்களை எழுதியிருக்கிற விதம் பிரமாதம். அவ்வளவு விரிவா யாரும் எழுதறதில்லை" என்றார். இருபது வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. ஒரு கணம் சந்தோஷமாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

மதியம் செய்முறைத் தேர்வு. ஒரு மேசைமேல் மோட்டார், பக்கத்தில் டிரைவ் பெட்டி, அதில் ஒரு எண் சிவப்பாக மின்னியது. இங்கே நான் தோற்றுப்போனால் போதும், பொய் தானே வெளுத்துவிடும் என்று எண்ணினேன். நடிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. எண்ணைப் பார்த்தேன். எண்ணும் என்னைப் பார்த்தது. அணைத்துப் போட்டேன். அதே எண். அடுத்து நின்றவர் மூடியைக் கழற்றி, ஒரு கம்பியைத் தொட்டுப் பார்த்து, இரண்டு நிமிடத்தில் மோட்டாரை ஓட விட்டார்.

எனக்கு மதிப்பெண் போட்டவர், 'பதற்றம்' என்று எழுதிக்கொண்டார். "கவலைப்படாதீங்க. செய்முறைக்கு இருபதுதான். பதிவுக்கு எண்பது" என்று தோளில் தட்டிக்கொடுத்தார்.

வெளியே வந்து கடலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். வேலை தெரியாது என்று நானே சொல்கிறேன், செய்தும் காட்டிவிட்டேன், அதற்கும் ஒரு தட்டிக்கொடுப்பு. அலை வந்து காலணியை நனைத்துவிட்டுப் போனது.

மறுநாள் நடந்ததையெல்லாம் அந்தப் பெண்மணியிடம் சொன்னேன். என் குரலில் வேதனை இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். அவர் மின்பலகையை மூடிவிட்டுத் திரும்பினார்.

"சார், நீ வருத்தப்படறது எனக்கு எதுக்கு ஆவும்? வாயால சொன்னா இவுங்க கேக்க மாட்டாங்க. நீ எழுதுனததான நம்பிகினு கீறாங்க? திருப்பி எழுது. எந்த வேல யாரு பண்ணதுன்னு ஒண்ணொண்ணா எழுதி, ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து போட்டு குடு."

"அட்டைத் துண்டெல்லாம் போயிடுச்சேம்மா." அவை அரவை இயந்திரத்தில் கூழாகி, மறுபடி பெட்டியாகி, யார் வீட்டுக்கோ குக்கரைச் சுமந்துகொண்டு போய்ச் சேர்ந்திருக்கும்.

"போட்டோ கீது" என்று போனை நீட்டினார்.

எட்டு நாள், சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மூலை மேசையில் உட்கார்ந்தோம். அவர் போனில் தேதியும் நேரமும் விழுந்த படங்கள். என் எதிரே அச்செடுத்த பதினான்கு மாதப் பதிவுகள். அவர் சாம்பார் சாதம் சாப்பிட்டபடியே ஒரு படத்தைக் காட்டுவார். நான் அதற்குரிய இலக்கியத்தைத் தேடுவேன்.

ஒரு படத்தைப் பார்த்துவிட்டு என் பதிவை வாசித்துக் காட்டச் சொன்னார். 'கடற்காற்றின் ஈரம்' பகுதியை வாசித்தேன்.

"இன்னாது? ஈரமா? எர்த் ஒயர் லூசு சார். அட்டையில அதான எழுதிப் போட்டேன்?"

"கொஞ்சம் விரிவா…"

"இந்த ஈரத்த எத்தினி தபா எழுதிகிற?"

பக்கங்களைப் புரட்டினேன். கணிசமாக எழுதியிருந்தேன். இருவரும் ஒரே நேரத்தில் மின்பலகை அறையைத் திரும்பிப் பார்த்தோம். மூன்று மாதத்துக்கு முன்பு அங்கே ஒரு பெரிய ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஏன் வாங்கினார்கள் என்று ஆலையில் யாருக்கும் தெரியவில்லை. கணினி பரிந்துரைத்ததாம். அது சோகமாக உறுமிக்கொண்டு, இல்லாத ஈரத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

"உன் கவிதைக்கு ஒரு மிஷினே வாங்கிப் போட்டுக்கீறாங்க சார்" என்றார் அவர். அந்த எட்டு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான்.

என் பங்கு குற்ற உணர்வைச் சீக்கிரம் தீர்க்கும் அவசரத்தில், யார் செய்தது என்று தெரியாத வேலைகளையும் அவர் பெயரிலேயே எழுதத் தொடங்கினேன். ஒரு பக்கம் தாண்டுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்.

"இது பாய்லர் அண்ணாத்த பண்ண வேல. நா பக்கத்துல நின்னு டார்ச்சு புட்ச்சேன். டார்ச்சு புட்ச்சேன்னு போடு."

"இருக்கட்டும்மா, மார்க் ஏறும்."

"ஏன் சார், ஒருத்தரு வேலய இன்னொருத்தரு பேர்ல எழுதறதுதான் உனுக்கு வருமா? வேற ஒண்ணியும் வராதா?"

டார்ச் பிடித்தார் என்று எழுதினேன்.

பத்தொன்பது பக்கம் வந்தது. உவமை கிடையாது, கடற்காற்று கிடையாது. தேதி, இயந்திரம், பழுது, செய்தவர். கடைசிப் பக்கத்தில், 'மேற்கண்ட வேலைகள் எதையும் நான் செய்யவில்லை, செய்யும் திறனும் எனக்கு இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இரண்டு பிரதி. ஒன்றை அவரிடம் கொடுத்தேன். மற்றதை மேலாளரிடம் கொண்டுபோனேன்.

அவர் முதன்முதலாக அதில் எந்த நல்லதையும் காணவில்லை. பக்கங்களைப் புரட்டப் புரட்ட, என் அடக்கம் அவர் கண்ணெதிரே உதிர்ந்தது.

"சார், இதை நான் வாங்கிட்டா உங்க மேல நடவடிக்கை எடுக்கணும்."

"எடுங்க சார்."

"ஏப்ரல்ல உங்க புரமோஷன் இருக்கு."

"தெரியும் சார்." கம்பீரமாகச் சொல்ல நினைத்தேன். குரல் பாதியில் வழுக்கிவிட்டது. வீட்டில் அந்தப் பதவி உயர்வை நம்பி மனைவி ஏற்கெனவே சமையலறைக்கு ஓடு தேர்வு செய்திருந்தாள்.

குற்றக் குறிப்பாணை நான்கே நாளில் வந்தது. எங்கள் அலுவலகத்தில் அவ்வளவு வேகமாக வந்த காகிதத்தை நான் கண்டதில்லை. பதவி உயர்வு போயிற்று. டேப்லெட்டைப் பறிக்கவில்லை. வேறு யாருக்கும் கடவுச்சொல் இல்லை.

சரி, மதிப்பெண் மாறியதா என்று கேட்பீர்கள். பழைய பதிவுகளைத் திருத்த அந்த மென்பொருளில் வழியில்லையாம். மோசடி நடக்கக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்களாம். தலைமை அலுவலகம் எங்கள் ஆலைக்கான நிரந்தரப் பதவியை 'தரவு மறுஆய்வு முடியும்வரை' நிறுத்தி வைத்தது. எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. உண்மையைச் சொன்னதால் விளைந்தது அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க நான் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். கண்ணாடியில் தெரிகிறவனைத் தவிர; அவனைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அந்தப் பெண்மணி என் மேசைக்கு வந்து நின்றார். கையில் ஒரு கவர்.

"நா வேலய வுட்டு நின்னுக்கறேன் சார்."

ஜி.எஸ்.டி. சாலையில், படாளத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், பிளாஸ்டிக் பாட்டில் செய்கிற ஒரு கம்பெனி. அவர் ஊருக்குப் பக்கம். நேர்காணலில் ஒரு டிரைவைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். காட்டியிருக்கிறார். முன் அனுபவத்துக்கு அத்தாட்சி கேட்டிருக்கிறார்கள். போனில் இருந்த படங்களையும் என்னுடைய பத்தொன்பது பக்கத்தையும் மேசைமேல் வைத்திருக்கிறார். நிரந்தர வேலைக்கான உத்தரவு அந்தக் கவருக்குள் இருந்தது.

"கடசிப் பக்கத்த பாத்துட்டு, இந்தக் கையெழுத்து போட்டவரு யாருன்னு கேட்டாங்க சார்."

"நீ என்ன சொன்ன?"

"எங்க சாருதான்னு சொன்னேன். தனக்கு வேல தெரியாதுன்னு தானே எழுதிக் குட்த்த மொத ஆளுன்னு சிரிச்சிகினே இருந்தாங்க." கொஞ்சம் தயங்கினார். "நல்லா எழுதிகீறாருன்னாங்க சார்."

வாழ்த்து சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன். அவர் கதவைத் தாண்டிய பிறகுதான், எங்கள் ஆலையில் இனி யார் டிரைவைத் திறப்பது என்ற கேள்வி வந்தது. முன்பே சொன்னேனே, எனக்கு எதுவும் இரண்டாவது ஷிப்டில்தான் வரும்.

அவர் போன பிறகு வந்த புதன்கிழமை, காலை பதினோரு மணிக்குப் பெரியவன் நின்றான். நடுவழியில் அட்டை மாட்டிக்கொண்டு நீராவி மட்டும் போய்க்கொண்டிருந்தது. டேப்லெட் கூவியது. மறுஆய்வு முடியாததால் அதற்கு இன்னும் பழைய ஞானம்தான். 'பரிந்துரைக்கப்படும் டெக்னீஷியன்' என்று என் பெயரைக் காட்டியது.

டிரைவ் பெட்டியின் முன்னால் போய் நின்றேன். சிவப்பில் ஒரு எண். அணைத்துப் போட்டேன். அதே எண். போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன். மூன்றாவது முறை எடுத்தார்.

"சார், இங்க மிஷின் பக்கத்துல போன் பேசக் கூடாது. இன்னா அவசரமா?"

"பெரியவன் நின்னுட்டான்மா. ஒரு நம்பர் காட்டுது."

மறுமுனையில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. ஒழுங்காக, விக்கலில்லாமல் ஓடும் சத்தம்.

"சார், நா இப்ப வேற கம்பெனி ஆளு. உன் மிஷினுக்கு இங்கேர்ந்து வழி சொல்லிகினு நின்னா என் வேல போவும். புக்கு உன் பீரோவுலதான் கீது, பச்ச கலரு. படி சார். நல்லா படிப்பியே."

வைத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம் என்பதால் இன்னும் கோபம் வந்தது.

பீரோவைத் திறந்து அந்தக் கையேட்டை எடுத்தேன். ஐந்நூறு பக்கம் இருக்கும். உறை பிரிக்கப்படவே இல்லை. கவிழ்த்துப் போட்ட ஒரு கிரேட்டின்மேல் உட்கார்ந்து பிளாஸ்டிக்கைக் கிழித்தேன். மேலாளர் வேகமாக வந்து பக்கத்தில் நின்றார்.

"எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

"இப்பதான் பொருளடக்கம் வந்திருக்கு" என்றேன்.

அவர் இன்னொரு கிரேட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். முதல் அத்தியாயத்தின் முதல் வரி தடித்த எழுத்தில் இருந்தது. தகுதி பெற்ற நபர் மட்டுமே இந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்றது. இருவரும் அதைப் படித்தோம். பக்கத்தைத் திருப்பினேன்.